நாயைக் குளிப்பாட்டுவதும் காய வைப்பதும்: சுயசேவைத் தொட்டியில், இல்லாவிட்டால் மொட்டை மாடியில்

நாய்க் குளியலில் காரியம் கெடுவது சோப்பு போடும் நேரத்தில் அல்ல. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சிக்கு எடுக்காமல் விட்டால் கெடும். ஊற்றி முடித்த பின் அடிமுடியைக் காய வைக்காமல் விட்டால் இன்னும் மோசமாகக் கெடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் நம் வடசென்னையில் காற்றே ஈரம். துண்டால் துடைத்து, "வெயில்ல கொஞ்சம் நிக்கட்டும், காஞ்சிடும்" என்று விடப்பட்ட ஸ்பிட்ஸ் நாய்க்கு மேல்முடி அரை மணியில் காய்ந்துவிடும். தோலை ஒட்டிய மென்மையான உள்முடி சாயங்காலம் வரை நனைந்தே இருக்கும். தோலில் ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் அந்த ஈரத்தில் பெருகும். இரண்டாம் நாள் புளித்த வாடை, அடுத்து அரிப்பு. நாய் ஒரே இடத்தை நக்கிக் கடித்து, விடிவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு நீர் கசியும் சிவப்புப் புண் வந்துவிடும். "இதுக்குக் குளிச்சாலே ஒத்துக்கல" என்று பழி குளியலின் மேல் விழும்.

அதனால் இந்தக் குறிப்பில் ஷாம்புவைவிட சீப்புக்கும், காற்றடித்து முடியைக் காய வைக்கும் புளோயருக்கும் அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

சுயசேவைத் தொட்டி என்பது எளிய ஏற்பாடு. இடுப்பு உயரத்தில் ஸ்டீல் தொட்டி, ஏறுவதற்குச் சாய்தளம் அல்லது படி, கழுத்தில் மாட்டும் கண்ணி, சூடும் வேகமும் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷவர், ஷாம்பு, வேகக் காற்று புளோயர், ஒரு மேசை. இடமும் சாமானும் அவர்களுடையவை, நாயைக் கையாள்வது நீங்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஒண்டுக் குடித்தன வீடுகளிலும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாட்டுகளிலும் ஒரு லாப்ரடாரைக் குளிப்பாட்டிக் காய வைக்கும் அளவுக்கு பாத்ரூம் இருக்காது. குனிந்தே வேலை செய்வதால் முதுகும் போகும். கிடைத்தால் தொட்டி நல்லது. கிடைக்காதவர்கள் இதே முறையை மொட்டை மாடியில் செய்யலாம். அதற்கு என்ன மாற்ற வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

போகக் கூடாத நாட்கள்

பொதுத் தொட்டியில் பல நாய்கள் வந்து போகும். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை அங்கே கொண்டு போகாதீர்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆகட்டும். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ வைரஸ் தரையிலும் தொட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பெரிய நாய்க்கும் ரேபிஸ் ஊசியும் கூட்டுத் தடுப்பூசியும் தவணை தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

சொறி, வட்ட வட்டமாக முடி கொட்டும் படர்தாமரை, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் வேண்டாம். அது அடுத்த நாய்க்குச் செய்யும் துரோகம். கருத்தடை அறுவை ஆன நாய்க்குத் தையல் பிரித்து ஆறும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், குளியலே கூடாது. கழுத்தின் பின்புறம் சொட்டு விடும் உண்ணி மருந்து போட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் இடைவெளி வேண்டும். அந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்துதான் உடல் முழுக்கப் பரவும். ஷாம்பு அந்த எண்ணெயை எடுத்துவிட்டால் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விடும். உண்ணிக்கு மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்குத் தேவையில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? குட்டை முடி நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஷிட்சு போல வளர்ந்துகொண்டே இருக்கும் முடிக்கு இரண்டு வாரம். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு முடியும் கம்மி, தோலுக்கடியில் கொழுப்பும் கம்மி. மாதம் ஒரு முறைக்கு மேல் தேவைப்படாது, குளிரில் சீக்கிரம் நடுங்கும். ஞாயிறு தவறாமல் தேய்த்துக் குளிப்பாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான் என்றாலும், தோலின் எண்ணெய் வற்றிப் பொடுகும் அரிப்பும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை

அங்கே எல்லாம் இருக்கும் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். சீப்பும் துண்டும் சொந்தமாக இருப்பதுதான் சுத்தம். நீண்ட முடிக்கு வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, பாதி அகலப் பல்லும் பாதி நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று. குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் போதும். துண்டு மூன்று, தடித்த டர்க்கித் துண்டைவிட பழைய ஈரிழைத் துண்டு வேகமாக ஈரம் இழுக்கும், பிழிந்து பிழிந்து திரும்பப் பயன்படுத்தலாம். பஞ்சு, நாய்க் காதுக்கான சுத்திகரிப்பு மருந்து, நகவெட்டி, ரத்தம் நிறுத்தும் பொடி (இல்லாவிட்டால் சோள மாவு). நனைந்தால் கெடாத நைலான் பட்டை. தோல் பட்டை ஈரத்தில் சாயம் விடும், வெள்ளை நாயின் கழுத்தில் பழுப்பு வளையம் நிற்கும். ஒரு டப்பாவில் கெட்டித் தயிர்: தொட்டியின் சுவரில் மூக்கு மட்டத்தில் தடவி வைத்தால் நக்கிக்கொண்டே நிற்கும். முதல் முறை வரும் நாயை அமைதிப்படுத்த இதைவிட நல்ல வழி குறைவு.

சாப்பாடு கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கட்டும். புறப்படும் முன் ஒரு நடை கூட்டிப் போய்ச் சிறுநீர், மலம் இரண்டும் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல்தான் கிளம்ப வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. ஸ்கூட்டரின் முன்தட்டில் நிற்க வைத்து எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போவதைத் தயவுசெய்து தவிருங்கள். ஒரு ஹாரன் சத்தத்துக்கு நாய் துள்ளினால் போதும். ஆட்டோவில் உங்கள் காலடியில் உட்கார வைத்து, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துப் போகலாம்.

முதலில் சீப்பு

பல இடங்களில் காசு நேரக் கணக்கில்தான். தொட்டியும் புளோயரும் ஓடும் நிமிடங்களுக்குத்தான் பணம் என்றால், சீவும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். சிக்கு பிடித்த முடி நனைந்தால் இன்னும் இறுகும், காய்ந்த பின் கம்பளித் துண்டாக மாறிவிடும். அதன் அடியில் ஷாம்பு போகும், ஆனால் அலசும் தண்ணீர் போகாது, காற்றும் போகாது. புண் முதலில் வருவது அங்கேதான்.

சிக்கு எங்கே ஒளிந்திருக்கும்? காதுக்குப் பின்னால், பட்டையின் அடியில், அக்குளில், தொடையிடுக்கில், பின்தொடையில் பாவாடைபோல் தொங்கும் முடியில், வால் முளைக்கும் இடத்தில். மேலோட்டமாகச் சீவினால் இதெல்லாம் தெரியாது. ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கித் தோல் தெரிய வகிடு எடுத்து, அந்த வகிட்டுக்குக் கீழுள்ள முடியை மட்டும் சீவி இறக்குங்கள். பிறகு ஒரு விரல்கடை மேலே அடுத்த வகிடு. கடைசியில் ஸ்டீல் சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடுக்காமல் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

சிக்கைப் பிரிக்கும்போது தோலுக்கும் சிக்குக்கும் நடுவே முடியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாது, நாயும் கடிக்க வராது. கொஞ்சம் சோள மாவைத் தூவி, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிறுசிறிதாக அவிழுங்கள். கத்தரிக்கோல் வைக்கவே வைக்காதீர்கள். சிக்கு இறுகும்போது தோலையும் உள்ளே இழுத்துக் கூடாரம்போல் தூக்கி வைத்திருக்கும். முடி என்று நினைத்து வெட்டினால் தோல் கிழியும். அக்குளில் கிழிந்தால் தையல்தான். பிரிக்கவே முடியாத சிக்கை மெஷின் வைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அங்கே போனதும், நாயை ஏற்றும் முன்

முன்னால் வந்த நாயின் முடி வடிகாலில் கிடந்தால், தொட்டி கழுவப்படவில்லை என்று பொருள். கிருமிநாசினி தெளித்தால் மட்டும் போதாது. அழுக்கைக் கழுவி, மருந்து தெளித்து, 10 நிமிடம் விட்டு, திரும்ப நன்றாக அலச வேண்டும். துணிக்குப் போடும் பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் என்பது வழக்கமான கலவை. பினாயில் வாடை தூக்கலாக இருக்கும் தொட்டியில் நாயை இறக்காதீர்கள். பாதத்தில் பட்டால் எரியும், நாய் அதை நக்கவும் செய்யும்.

தொட்டிக்குள் ரப்பர் பாய் அவசியம். ஸ்டீலில் கால் வழுக்கிய நாய்தான் அடுத்த முறை வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பாய் இல்லாவிட்டால் ஒரு துண்டை நனைத்து விரியுங்கள். பெரிய நாயைத் தூக்க வேண்டி வந்தால் முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சைச் சுற்றி, இன்னொரு கை பின்தொடைகளைச் சுற்றி அணைத்து, 25 கிலோவுக்கு மேல் என்றால் இருவராகத் தூக்குங்கள். கழுத்துக் கண்ணியைச் சாதாரணப் பட்டையில் மாட்டுங்கள், இறுகும் சங்கிலியில் மாட்டவே கூடாது. மாட்டிவிட்டு துண்டு எடுக்கக்கூட நகராதீர்கள். தொட்டியிலிருந்து குதித்த நாய் அந்தக் கண்ணியிலேயே தொங்கிவிடும்.

தண்ணீர்

வெதுவெதுப்பு போதும், 35 முதல் 38 டிகிரி. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றினால் சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் குழாயில் முதலில் வரும் தண்ணீர் மாடித் தொட்டியில் கொதித்தது; அரை நிமிடம் ஓடவிட்ட பிறகே நாயின் பக்கம் திருப்புங்கள்.

நம் பகுதியில் போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். சோப்புக் கட்டியில் இது அதிகம், ஷாம்புவில் குறைவு. உப்புத் தண்ணீர்தான் என்றால் கட்டி சோப்பை மறந்துவிடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடியின் மொரமொரப்பு அந்த ஒரு பக்கெட்டிலேயே பாதி போய்விடும்.

பின்னங்காலில் தொடங்கி முதுகு வழியாகக் கழுத்து வரை வாருங்கள், தலை கடைசியில். ஷவரைத் தூரத்திலிருந்து பீய்ச்சினால் சத்தத்துக்கே மிரளும். முடியோடு ஒட்டினாற்போல் வைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக நகர்த்தினால் சத்தமும் குறையும், தண்ணீர் தோல் வரைக்கும் இறங்கும். மேல்முடியும் உள்முடியும் உள்ள இரட்டை முடி நாய்களான ஸ்பிட்ஸ், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றுக்கு நனைக்கவே நான்கைந்து நிமிடம் பிடிக்கும். மேலே வழுக்கி ஓடும் தண்ணீரைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைத்தால் ஷாம்பு மேல்முடியோடு நின்றுவிடும். விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொட்டுப் பாருங்கள். தெள்ளுப்பூச்சி இருந்தால் முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள். உடம்பு நனைந்ததும் அவை தலையை நோக்கித்தான் ஓடும், அந்த வளையம் வழியை மறிக்கும்.

ஷாம்பு, அதைவிட முக்கியமாக அலசல்

நாய்க்கென்று செய்த ஷாம்பு வாங்குங்கள். மனிதத் தோல் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. நமக்கான ஷாம்பு அதன் தோலுக்கு வறட்சியைத்தான் தரும். காயத்துக்கு ஊற்றும் கிருமிநாசினியைக் குளிக்கும் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்; தோல் எரியும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். சீயக்காய்த் தூள் அடர்ந்த முடிக்குள் புகுந்தால் அலசி எடுக்கவே முடியாது, கண்ணில் பட்டால் பாவம் துடித்துப்போகும். வேப்பிலைத் தண்ணீரை நம்பி உண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள். தோலில் கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை அது கொல்லாது.

கெட்டியான ஷாம்புவை நேரடியாக முதுகில் ஊற்றினால் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். ஒரு பங்குக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பாட்டிலில் குலுக்கி ஊற்றுங்கள். பாட்டிலில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. குழாயிலேயே கலந்து வரும் தொட்டிகளில் தனியாகக் கலக்கத் தேவையில்லை. குட்டை முடியை ரப்பர் பிரஷால் வட்டமாகத் தேய்க்கலாம். நீண்ட முடியை வட்டமாகத் தேய்த்தால் நீங்களே சிக்கு உண்டாக்குகிறீர்கள். மேலிருந்து கீழாக, பிழிவதுபோல் கையை இறக்குங்கள். விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வாலடி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். முகத்துக்கு ஷவர் வேண்டாம், நனைத்த துணி போதும். மருத்துவர் எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்து ஷாம்பு என்றால் நுரை தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். கடிகாரம் பார்த்து நில்லுங்கள், மனக் கணக்கில் 10 நிமிடம் என்பது எப்போதும் நான்கு நிமிடம்தான்.

தேய்த்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு அலச வேண்டும். தண்ணீர் தெளிவாக ஓடினாலும் நிறுத்தாமல், முடியை இரு விரலுக்கிடையில் பிடித்து உருவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் ஷாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது. அது கடைசி வரை தங்குவது நெஞ்சுக்கடியிலும் அக்குளிலும்.

தார், ஆயில், கருவாட்டு வாடை

இது நம் ஊருக்கே உரிய தொல்லை. காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரையில் ஓடிய நாயின் பாதத்தில் தார் உருண்டை ஒட்டும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் கரையோர நாய்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பிடிவாதமான பசை என்று தெரியும். கெரசின், பெட்ரோல், தின்னர் எதையும் தொடாதீர்கள். தோல் வெந்துவிடும், நக்கும்போது ஆவி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தாராளமாகத் தடவி, ஐந்து பத்து நிமிடம் விரலால் பிசைந்தால் தார் இளகும். துணியால் வழித்து, திரும்ப எண்ணெய் போட்டு வழித்து, கடைசியில் அந்த இடத்துக்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பிறகு வழக்கமான ஷாம்பு. விரலிடுக்கில் இறுகியது வரவில்லையென்றால் அந்த முடியை நறுக்கி எடுப்பது நல்லது. உடம்பு முழுக்க எண்ணெய் என்றால் வீட்டில் முயலாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள், அதுவரை நக்கவிடாதீர்கள்.

மீனில் புரண்டு வந்த நாய்க்கு ஷாம்பு இரண்டு முறை. அப்படியும் வாடை போகவில்லையென்றால் கழுத்துப் பட்டையை மோந்து பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் இருக்கும். எர்ணாவூர், மணலி பக்கம் நிலக்கரித் தூசும் சாம்பலும் படியும் வீடுகளில், நனைக்கும் முன் காய்ந்த முடியை வெளியே ஒருமுறை நன்றாகச் சீவி உதறிவிடுங்கள். தூசின் மேல் தண்ணீர் பட்டால் அடிமுடியில் சேறாக இறங்கும்.

காய வைத்தல்

தொட்டியிலேயே நாய் இரண்டு முறை உதறட்டும். காதுக்குள் மெல்ல ஊதினால் உடனே உதறும். கையால் கால்களையும் வாலையும் வழித்து விடுங்கள். துண்டை வைத்து அழுத்தி எடுங்கள், பரபரவென்று தேய்த்தால் நீண்ட முடி மறுபடி சிக்காகும். துண்டு எவ்வளவு ஈரம் எடுக்கிறதோ அவ்வளவு புளோயர் நேரம் மிச்சம்.

புளோயர் சூட்டால் காய வைப்பதில்லை, வேகத்தால் தண்ணீரை முடியிலிருந்து அடித்துத் தள்ளுகிறது. முதல் நிமிடம் அதை நாய்க்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து ஓடவிடுங்கள், சத்தம் பழகட்டும். காதை மூடியவாறு பழைய பனியனின் கைப்பகுதியை வெட்டித் தலையில் மாட்டினால் பாதி பயம் குறையும். குறைந்த வேகத்தில் பின்தொடையில் தொடங்குங்கள். புளோயர் குழாயின் முனைக்கும் நாயின் தோலுக்கும் ஒரு சாண் இடைவெளி. முகத்திலும் காதுத் துளையிலும் அடிக்கவே கூடாது, தலையைத் துண்டாலும் சீப்பாலும் முடித்துக்கொள்ளலாம்.

காற்று படும் இடத்தில் முடி விலகி வட்டமாகத் தோல் தெரியும். அந்த வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் விளிம்பு கட்டி நகர்வதையும் பார்க்கலாம். அதை வாலை நோக்கி, கால் நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரே இடத்தில் அசையாமல் பிடித்தால் நீண்ட முடி முறுக்கிக்கொள்ளும், தோலும் சூடாகும். உள்முடி கழியும் பருவத்தில் புளோயர் போட்டதும் அறை முழுக்கப் பஞ்சு பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மாஸ்க் இல்லாமல் நிற்க வேண்டாம். அந்தப் பறக்கும் முடியெல்லாம் உங்கள் வீட்டு ஃபேனில் சுற்ற வேண்டியது, அங்கேயே தொலைந்தது என்று மகிழ்ச்சி அடையலாம்.

லாப்ரடாருக்கு 20 முதல் 30 நிமிடம், ஸ்பிட்ஸுக்கு அதற்கும் மேல். நேரக் கணக்கு ஓடும் இடத்தில் மக்கள் தோற்பது இங்கேதான். தேய்ப்பதில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, மணி அடித்ததும் முக்கால் ஈரத்தோடு கிளம்பிவிடுவார்கள். மொத்த நேரத்தில் பாதியைப் புளோயருக்கு ஒதுக்கிவிட்டே தண்ணீரைத் திறங்கள். காய்ந்ததா என்று பார்க்க, முடியை விலக்கிப் புறங்கையைத் தோலில் வையுங்கள். குளுமையாகப் பட்டால் ஈரம் இருக்கிறது. முடி கற்றை கற்றையாகப் பிரிந்தாலும் ஈரம்தான். காதுக்குப் பின்னால், அக்குள், பின்தொடை, விரலிடுக்கு ஆகிய நான்கும் கடைசியாகக் காயும் இடங்கள். அங்கே சரி என்றால் எல்லா இடமும் சரி.

புளோயரின் மோட்டார் தானே காற்றைச் சூடாக்கும். மே மாத மத்தியானம், மூடிய அறை, அதில் பக், புல்டாக் போன்ற ஒரு சப்பை மூக்கு நாய் என்றால் வெப்பத்தாக்குக்கு எல்லாம் தயார். நாக்கு அகலமாகத் தொங்கி மூச்சு வாங்குவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது, கெட்டியான எச்சில் வழிவது, கால் தள்ளாடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் புளோயரை நிறுத்துங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அந்த ஈரத்தோடே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வடசென்னைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

"வெயிலுக்கு மொட்டை அடிச்சிடலாமா?" என்று ஒவ்வொரு கோடையிலும் கேட்பார்கள். இரட்டை முடி நாய்க்கு வேண்டாம். கழிந்த உள்முடியைச் சீவி எடுத்துவிட்டால் மீதி முடி வெயிலைத் தடுக்கும் திரை. மழித்தால் தோல் வெயிலில் கருகும், சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் திரும்ப வளரும். பாத மெத்தைகளுக்கு நடுவிலும் மலத்துவாரத்தைச் சுற்றியும் உள்ளதை மட்டும் குறைத்து விடுங்கள். பாதத்தில் முடி குறைந்தால் மொசைக் தரையில் வழுக்காது.

காது, நகம்

காது மருந்தைத் துளை நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து 20, 30 விநாடி பிசையுங்கள். சளசளவென்று சத்தம் கேட்கும். உதறவிட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளேதான் தள்ளும். காபித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு, கெட்ட வாடை, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, தொட்டால் கத்துவது என்றால் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் மருந்தே கெடுதல் செய்யும். குளியலுக்கு முன் காதில் பஞ்சு வைத்திருந்தால் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

குளித்தபின் நகம் மெத்தென்று இருக்கும், வெட்டச் சுலபம். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிக்கொண்டே வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் போதும். ரத்தம் வந்துவிட்டால் பொடியையோ சோள மாவையோ வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள், சில நிமிடங்களில் நிற்கும். முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாத கட்டைவிரல் நகம் தேயாது, வளைந்து சதைக்குள் குத்தும். எல்லாரும் மறப்பது அதைத்தான்.

மொட்டை மாடியில் செய்வதானால்

பொது மாடி என்றால் வடகமோ கருவாடோ துணியோ காய்கிறதா பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வடிகால் வாயில் வலைத்துணி கட்டுங்கள். ஒரு குளியலின் முடி போதும், அடுத்த மழையில் மாடி குளமாகிவிடும். குழாயில் ஷவர் தலையுள்ள ஹோஸ், கீழே ரப்பர் பாய். பக்கெட் கணக்கு என்றால் லாப்ரடாருக்கு நான்கைந்து, ஸ்பிட்ஸுக்கு மூன்று. ஒருவர் பிடிக்க, ஒருவர் குளிப்பாட்ட. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

புளோயருக்குப் பதில் வீட்டு ஹேர் டிரையர் ஆகும், குளிர்காற்று அல்லது குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளி. அதுவும் இல்லையென்றால் நிழலில் பெடஸ்டல் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் முன் நாயை நிறுத்தி, தோல் வரை சீவிக்கொண்டே இருங்கள். சீவாமல் ஃபேன் மட்டும் போட்டால் மேல்முடிதான் காயும். ஒயர், பிளக் எதுவும் ஈரத்தரையில் கிடக்கக் கூடாது. மழைக்காலத்தில் முழுக் குளியலைத் தள்ளிப் போடலாம். ஆனால் புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருவில் தேங்கிய நீரில் நடந்து வந்தால் வயிறு வரை கழுவி விரலிடுக்கைத் துடைப்பது தினமும் வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், அது மனிதருக்கும் தொற்றும்.

முடிந்த பிறகு

முடி நன்றாகக் காய்ந்திருக்கும் இந்த நேரம்தான் உண்ணி தேடுவதற்கு ஏற்றது. காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டை இருந்த இடம், விரலிடுக்கு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சியால் சுடாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிடுங்கள், கையைக் கழுவுங்கள். நம் ஊர் பழுப்பு உண்ணி எர்லிக்கியா, பேபீசியா காய்ச்சல்களைப் பரப்புவது. நாயிலிருந்து விழுந்த பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாய் படுக்கும் மூலை, கதவு இடுக்கு, மாடிச் சுவரின் பூச்சு வெடிப்பு எல்லாவற்றையும் பெருக்கி அடைக்க வேண்டும், படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

தொட்டியை விட்டு வரும் முன் வடிகால் முடியை எடுத்துக் குப்பையில் போட்டு, ஒருமுறை அலசிவிடுங்கள். சொட்டு மருந்து போடும் தவணை நெருங்கியிருந்தால், இன்று சனிக்கிழமை குளியல் என்றால் திங்கட்கிழமை சாயங்காலம் போடுங்கள். முடியை விலக்கி, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், தோலின் மேல் விழும்படி. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தாக இருந்து வீட்டில் பூனையும் இருந்தால், மருந்து காயும் வரை இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். பூனைக்கு அது விஷம்.